பொத்தானைக் குழந்தையே போடட்டும்

பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024 செப்டம்பர் 1 அன்று நடந்த மகளிர் இறகுப்பந்து அரையிறுதி ஒன்றில் மோதிய இருவருமே தமிழ்நாட்டுப் பெண்கள். காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசனுக்குப் பிறவியிலேயே இடது கையில் குறைபாடு. திருவள்ளூர் மாவட்டத்தின் மனிஷா ராமதாஸுக்குப் பிறக்கும்போது ஏற்பட்ட பாதிப்பால் வலது கை முழுதாக இயங்காது. 23-21, 21-17 என்று துளசிமதி வென்றார். மறுநாள் அவருக்கு வெள்ளியும் மனிஷாவுக்கு வெண்கலமும் கிடைத்தன. அந்த அரையிறுதியில் ஒருவர் வென்றதற்கும் மற்றவர் தோற்றதற்கும் கையைக் காரணம் காட்ட யாருக்கும் வழியில்லை. ஆடிய ஆட்டம் மட்டுமே முடிவு செய்தது. பதக்கம் வந்த பிறகு நாடே பாராட்டியது, அர்ஜுனா விருதும் வந்தது. அந்தப் பாராட்டுக்கு அவர்கள் முழுத் தகுதி உடையவர்கள். ஆனால், நாம் பேச வேண்டியது பதக்கத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய நாள்களைப் பற்றி. இப்படிப் பிறந்த குழந்தைக்கு மூன்று வயதிலும் நான்கு வயதிலும் வீடும் தெருவும் பள்ளியும் என்ன செய்கின்றன என்பதுதான் கேள்வி.

பம்மல், அனகாபுத்தூர், பல்லாவரம், குரோம்பேட்டை என்று வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் சென்னையின் தென்புறநகரில் அப்படி ஒரு குழந்தை வளர்வதாக வைத்துக்கொள்வோம். முழங்கைக்குக் கீழே ஒரு கை வளரவில்லை, அல்லது விரல்கள் சில இல்லை, அல்லது ஒரு கால் குட்டை. குழந்தைக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. ஓடுகிறது, சிரிக்கிறது, பிடிவாதம் பிடிக்கிறது. அந்தக் குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் அன்பின் பெயரால் இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள். அதன் வேலைகளையெல்லாம் தாங்களே செய்துவிடுகிறார்கள். அதன் கையையோ காலையோ பிறர் கண்ணில் படாமல் மறைக்கப் பார்க்கிறார்கள். இந்த இரண்டும்தான் குழந்தையின் தன்னம்பிக்கையை அரும்பிலேயே கிள்ளுகின்றன. தன்னம்பிக்கையை வாயால் ஊட்ட முடியாது. தன் வேலையைத் தானே செய்து பார்த்த குழந்தைக்கு மட்டுமே அது வரும். அப்படிச் செய்ய வீடு நேரம் கொடுக்க வேண்டும், பள்ளி இடம் கொடுக்க வேண்டும்.

முதலில் தாயின் மனத்திலிருக்கும் பாரத்தை இறக்கியாக வேண்டும். குழந்தை பிறந்த வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘என்ன செய்து தொலைத்தாய்?’ என்பதே. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தி பிடித்தாயா, எந்தச் சாமிக்கு நேர்ந்ததை மறந்தாய் என்று உறவினர்கள் துருவுவார்கள். கருவில் கைகால்கள் உருவாவது ஏறத்தாழ நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அப்போதுதான் உறுதி செய்துகொண்டிருப்பார்கள். அமெரிக்கக் கணக்கின்படி ஏறக்குறைய 2,000 குழந்தைகளில் ஒன்று கையிலோ காலிலோ குறைவளர்ச்சியோடு பிறக்கிறது. பனிக்குடப் படலத்தின் இழை வளரும் உறுப்பைச் சுற்றிக்கொள்வது போன்ற சில காரணங்களை மருத்துவம் அறியும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இதுதான் என்று சொல்ல முடிவதில்லை. மருந்தால் வந்த பெருங்கேடு ஒன்றும் உண்டு. 1957 முதல் 1961 வரை விற்கப்பட்ட தாலிடோமைடு மாத்திரையால் உலகெங்கும் பத்தாயிரம் குழந்தைகள் அளவுக்குப் பாதிக்கப்பட்டனர். அதிலும் தவறு மருந்தை விற்றவர்களுடையது, மருத்துவரை நம்பி விழுங்கிய தாய்மாருடையது அல்ல. கிரகணத்தின் நிழல் எந்தக் குழந்தையின் விரலையும் தின்றதில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், குற்ற உணர்வில் தவிக்கும் தாய் அதற்கு ஈடுகட்ட முனைகிறாள். குழந்தை கேட்பதற்கு முன்பே ஊட்டுகிறாள், உடுத்துகிறாள், தூக்கிக்கொள்கிறாள். தாயின் குற்ற உணர்வுக்குக் குழந்தை விலை கொடுக்கிறது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த கோட்பாடு இங்கே உதவும். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்குப் பல வழிகளில் வரலாம். பிறர் செய்வதைப் பார்த்து வரலாம், பிறர் ஊக்கும் சொல்லால் வரலாம். எல்லாவற்றிலும் வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்றார் அவர். நான்கு வயதுக் குழந்தை ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போடுவதைக் கவனித்தால் இது விளங்கும். குட்டையான கையால் சட்டையின் ஓரத்தை வயிற்றோடு அழுத்திப் பிடிக்கும். மற்றக் கையின் கட்டைவிரலால் பொத்தானைத் துளைக்குள் தள்ளும். வழுக்கும். மறுபடி தள்ளும். துணி நழுவும். முகம் சிவக்கும். மூன்றாவதோ நான்காவதோ முயற்சியில் பொத்தான் உள்ளே போகும்போது நிமிர்ந்து பார்க்கும் பாருங்கள், அந்தப் பார்வையை எந்தப் புகழ்மொழியாலும் உண்டாக்க முடியாது. வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் பழக்கலாம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கலாம். துளையைச் சற்றே பெரிதாக்கித் தைக்கலாம். சாப்பாட்டுத் தட்டு நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி விரிக்கலாம். டிபன் பாக்ஸைத் தொடைகளுக்கு இடையே இடுக்கித் திறக்கக் கற்றுக்கொடுக்கலாம். செருப்புக்கு வாரைவிட ஒட்டும் பட்டை எளிது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. வேண்டியது பெரியவர்கள் தங்கள் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் காத்திருப்பது. அதுதான் பெரும்பாடு.

‘ஆயிரம் சொன்னாலும் உலகம் பொல்லாதது, நல்ல செயற்கைக் கை பொருத்திவிட்டால் யாருக்கும் தெரியாதே’ என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். இதில் கையையும் காலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காலில் குறை என்றால் தாமதம் கூடாது. பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே மாவுக்கட்டு வைத்தியத்தைத் தொடங்கினால் பெரும்பாலும் பெரிய அறுவைச் சிகிச்சை இல்லாமலே நேராகும்; அதன்பின் சில ஆண்டுகள் உறங்கும் நேரத்தில் அணிய வேண்டிய சிறப்புக் காலணியை விட்டுவிடாமல் அணிவிக்க வேண்டும். கால் வளராத குழந்தைக்கு அது எழுந்து நிற்க முயலும் பருவத்திலேயே செயற்கைக் கால் பொருத்தினால், மற்றக் குழந்தைகளோடு சேர்ந்தே நடை பழகும். குழந்தை வளர வளர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1968-இல் உருவான ஜெய்ப்பூர் கால் ஏழைகளுக்கும் இதை எட்டச் செய்தது. பம்மல்வாசிகளுக்குக் கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் ஒன்றும் எட்டாத் தொலைவு அல்ல.

கையின் கதை வேறு. முழங்கைக்குக் கீழே ஒரு கை வளராத 489 குழந்தைகளை, இளையோரை ஆராய்ந்து மிஷெல் ஜேம்ஸ் தலைமையிலான அமெரிக்க மருத்துவர்கள் 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். செயற்கைக் கை அணிந்தவர்களின் செயல்திறனோ வாழ்க்கைத் தரமோ அணியாதவர்களைவிடச் சொல்லும்படியாக உயரவில்லை. சில குறிப்பிட்ட வேலைகளுக்கு அது கருவியாக உதவலாம், பழகுமிடத்தில் கூச்சத்தைக் குறைக்கலாம் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். காரணம் எளியது. தோலுக்குத் தொடுவுணர்வு உண்டு, பிளாஸ்டிக்குக்கு இல்லை. குட்டையான அந்தக் கை சூடு அறியும், பிடித்து அழுத்தும், தாளை நகராமல் நிறுத்தும். அதன்மேல் உறை மாட்டினால் அந்த உணர்வு போய்விடும். ஜம்முவின் கிஷ்த்வார் மாவட்ட மலைக்கிராமம் ஒன்றில் இரு கைகளும் இல்லாமல் பிறந்த ஷீத்தல் தேவிக்கும் முதலில் செயற்கைக் கை பொருத்தத்தான் முயன்றார்கள், சரிவரவில்லை. சிறுவயதிலிருந்தே மரம் ஏறி வலுவேறியிருந்த அவருடைய கால்களும் உடலும்தான் வில்லைப் பிடித்தன. 17 வயதில் பாரிஸ் பாராலிம்பிக் வில்வித்தையில் பதக்கம் வென்றார். குழந்தை கேட்டால், அதற்குப் பயன்பட்டால், செயற்கைக் கை அணியட்டும். விருந்தினர் வரும்போது மட்டும் மாட்டிவிடப்படும் கை, ‘நீ இருக்கிறபடி இருந்தால் போதாது’ என்ற பாடத்தைத்தான் குழந்தைக்குச் சொல்லும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. வலது கை சோற்றுக்கை என்பதும் இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பதும் நமக்குப் பாலோடு ஊட்டப்பட்ட வழக்கம். விஜயதசமியன்று அரிசியில் எழுதுவது வலது விரல். கோயிலில் திருநீறு வாங்குவது வலது கை. மளிகைக் கடையில் இடது கையால் காசு நீட்டினால் ‘அந்தக் கையால் கொடு’ என்ற அதட்டல் வரும். வலது கை வளராத குழந்தை இந்த அதட்டலை ஒவ்வொரு நாளும் கேட்கிறது. பந்தியில் இடது கையால் சோற்றைப் பிசைந்தால் பக்கத்து இலைக்காரர் முகம் சுளிக்கிறார். இதற்கு வீடுதான் முதலில் தெளிவான முடிவெடுக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு இடது கையே சோற்றுக்கை, எழுதும் கை, கும்பிடும் கை. தாத்தா பாட்டியிலிருந்து அங்கன்வாடி ஆசிரியர் வரை எல்லோருக்கும் பெற்றோரே முன்கூட்டி இதைச் சொல்லிவிட வேண்டும். திருநீறு எந்தக் கையில் விழுந்தாலும் திருநீறுதான். மரியாதை என்பது குழந்தையின் மனத்தில் இருக்கிறது. அதை நீட்டும் கையில் அளக்க வேண்டாம்.

கல்யாண வீட்டிலும் பேருந்திலும் வரும் ‘த்சோ’, ‘ஐயோ பாவம்’, ‘யார் செய்த பாவமோ’ என்ற குரல்களைத் தடுக்க யாராலும் முடியாது. அவற்றை எதிர்கொள்ளக் குழந்தைக்குச் சொல்லித்தர முடியும். ‘கை ஏன் இப்படி இருக்கு?’ என்று இன்னொரு குழந்தை கேட்பது வெறும் ஆர்வம். ‘பிறக்கும்போதே இப்படித்தான். வா, விளையாடலாம்’ என்ற பதிலை வீட்டிலேயே பழக்கிவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்து ஆட்டம் தொடங்கிவிடும். முழுக்கைச் சட்டையும் துப்பட்டாவும் போட்டு மறைத்த கையைப் பற்றித்தான் கிசுகிசு நீளும். நிழற்படம் எடுக்கும்போது கையைப் பின்னால் வைக்கச் சொல்லும் அந்த ஒரு நொடி சின்னதாகத் தெரியலாம். தன் உடம்பில் வெட்கப்பட வேண்டிய ஒன்று இருப்பதாகக் குழந்தை அன்றுதான் கற்றுக்கொள்கிறது. எல்லை மீறும் கேலிக்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. பொதுவெளியில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு.

வீட்டைத் தாண்டினால் பள்ளி. கை, கால் குறைபாடுள்ள குழந்தைகளின் தன்மதிப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று ஜேம்ஸ் வார்னியும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1989-இல் எழுதினார்கள். வகுப்புத் தோழர்கள், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் ஆதரவும் வீட்டில் சண்டை சச்சரவு இல்லாமையும் அதில் பெரும்பங்கு வகித்தன. வகுப்புத் தோழர்களின் ஆதரவு எங்கே பிறக்கும்? சேர்ந்து செய்யும் வேலையில், சேர்ந்து ஆடும் ஆட்டத்தில். நம் பள்ளிகள் பலவற்றில் நடப்பது என்ன? விளையாட்டு நேரத்தில் மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளையை மரத்தடியில் உட்கார வைக்கிறார்கள். அது பெரும்பாலும் இந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். ஆண்டு விழா நடனத்தில் கடைசி வரிசை, அல்லது வரிசையே இல்லை. செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ‘பாவம், சிரமப்படுத்த வேண்டாம்’ என்ற நல்லெண்ணம்தான். சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து மேலேறி வலது கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலுவை அவருடைய உடற்கல்வி ஆசிரியர் மரத்தடியில் உட்கார வைக்கவில்லை. உயரம் தாண்டச் சொன்னார். 14 வயதில் எல்லாப் பிள்ளைகளோடும் போட்டியிட்டு மாரியப்பன் இரண்டாமிடம் பெற்றார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் எல்லாம் அதற்குப் பின்னர் வந்தவை.

நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியர் ஒரு குழந்தைக்காகத் தனியாக என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். கேட்கப்படுவது தனிக் கவனிப்பைவிடக் குறைவானது. தாள் நகராமலிருக்க ஒரு கிளிப் அட்டை, வசதியான பக்கத்தில் இருக்கை, எழுதி முடிக்க ஐந்து நிமிடம் கூடுதல், ஆட்டத்தில் ஒரு விதியைச் சற்றே தளர்த்துவது, கேலி எழுந்தால் உடனே நிறுத்துவது. இவை சலுகைகளும் அல்ல. பாகுபாடின்றிச் சேர்க்கவும், கட்டடத்தை ஏற்றதாக்கவும், தேவையான வசதிகளைச் செய்துதரவும் கல்வி நிறுவனங்கள் கடமைப்பட்டவை என்று 2016 சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அருகமைப் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையை 31-ஆவது பிரிவு தருகிறது. ‘சிறப்புப் பள்ளியில் சேருங்களேன்’ என்று கைகாட்டும் பள்ளி நிர்வாகம் தன் கடமையைத் தட்டிக்கழிக்கிறது. கையில் விரல் இல்லாத குழந்தை கற்க முடியாத பாடம் எதுவும் தொடக்கப் பள்ளியில் இல்லை.

இந்தத் தலைமுறைக் குழந்தைக்கு ஒரு தனிமையும் உண்டு. முன்பெல்லாம் இளம்பிள்ளைவாதம் பாதித்த பிள்ளைகள் பல பள்ளிகளில் இருந்தார்கள். காலுக்குக் கேலிபர் தாங்கி அணிந்து வரும் மாணவரைப் பார்த்துப் பழகிய ஆசிரியர்களும் இருந்தார்கள். போலியோ ஒழிந்த நாடாக 2014-இல் இந்தியா சான்று பெற்றது. அது மாபெரும் வெற்றி. ஆனால், கையோ காலோ வேறுபட்டு வரும் குழந்தை இப்போது பள்ளி முழுவதிலும் தான் மட்டுமே இப்படி என்று உணர்கிறது. தன்னைப் போன்ற இன்னொரு குழந்தையை, தன்னைப் போன்ற கையோடு வேலைக்குப் போகும் ஒரு பெரியவரை அது பார்க்க வேண்டும். மறுவாழ்வு மையங்களும், சோழிங்கநல்லூரில் அரசு நடத்தும் ‘விழுதுகள்’ போன்ற சேவை மையங்களும் சிகிச்சையோடு நின்றுவிடாமல் இத்தகைய குடும்பங்களை ஒருவரோடொருவர் பழக வைத்தால் அது பெரிய உதவியாக இருக்கும்.

இனி எதிர்வாதங்கள். ‘விட்டால் விழுந்து அடிபடுமே’ என்பது முதலாவது. அடிபடும். முட்டியில் சிராய்ப்பு இல்லாமல் சைக்கிள் பழகிய குழந்தை எந்தத் தெருவிலாவது உண்டா? அடுப்பு, கிணறு, பெருஞ்சாலை ஆகியவற்றில் எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள கட்டுப்பாடு இந்தக் குழந்தைக்கும் இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு வேலியை இதற்கென்று தனியாகப் போட வேண்டியதில்லை. ‘காலையில் தோல் தொழிற்கூடத்துக்கோ கம்பெனிக்கோ ஓடும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் பொழுது எங்கே?’ என்பது இரண்டாவது, கனமான வாதமும் கூட. ஆனால், நாள் முழுதும் தானே செய்துகொடுப்பதைவிடப் பழக்கிவிடுவதில் மிச்சமாகும் நேரம்தான் அதிகம். ஆறு மாதப் பொறுமை பல ஆண்டுச் சுமையைக் குறைக்கும்.

மூன்றாவது வாதம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. மாரியப்பனையும் ஷீத்தலையும் திரும்பத் திரும்பக் காட்டுவது, சாதித்தால்தான் மதிப்பு என்று குழந்தையின் தலையில் சுமை ஏற்றுவதாகாதா? ஆகும். இந்த எச்சரிக்கையைப் பெற்றோரும் ஊடகங்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். தன் கையைப் பற்றிக் கூச்சமில்லாமல் கடைக்குப் போய் வரும் பிள்ளை, மேடையில் ஏறாவிட்டாலும் பதக்கம் வாங்காவிட்டாலும் தன்னம்பிக்கை உள்ள பிள்ளைதான். பொத்தான் போட்டதற்கெல்லாம் கைதட்டி, ‘எங்களுக்கெல்லாம் நீ உதாரணம்’ என்று புகழ்வதும் ஒருவகை இரக்கமே. அதன் அண்ணனுக்கு எதற்காகச் சபாஷ் சொல்வோமோ அதற்கு மட்டும் இதற்கும் சொல்வோம். அண்ணன் தவறு செய்தால் கண்டிப்பதுபோல் இதையும் கண்டிப்போம். வீட்டு வேலையில் அண்ணனுக்கு ஒரு பங்கு என்றால் இதற்கும் ஒன்று இருக்கட்டும்.

‘என்னதான் வளர்த்தாலும் பெரியவனானதும் கதவுகள் சாத்தப்படும்’ என்ற அச்சம் கடைசி. நேற்றுவரை அது பொய்யில்லை. மருத்துவப் படிப்புக்கு இரு கைகளும் முழுமையாக இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வழிகாட்டுதலே சொல்லிக்கொண்டிருந்தது. கை விரல்களிலும் காலிலும் குறைபாடுள்ள மாணவர் ஒருவரின் வழக்கில், 2025 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, அந்த நிபந்தனை அரசமைப்பின் 41-ஆவது கூறுக்கும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கைக்கும் 2016 சட்டத்துக்கும் முற்றிலும் முரணானது என்று தீர்ப்பளித்தது. எத்தனை விரல் என்று எண்ணுவதை விட்டு, அந்த மாணவரால் என்ன செய்ய முடியும் என்று பார்க்கச் சொன்னது. கும்பகோணத்தில் பிறந்து, 13 வயதில் வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்த மாளவிகா ஐயர் சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார். சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. திறக்கும்போது உள்ளே நுழையத் துணிவுள்ள பிள்ளைகள் வேண்டும்.

அரசுக்கும் உள்ளாட்சிக்கும் இதில் பங்கு உண்டு. பம்மல் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. 70 வார்டுகள் கொண்ட இந்த மாநகராட்சியின் பூங்காக்களில் ஊஞ்சலும் சறுக்குமரமும் அமைக்கும்போது, ஒற்றைக் கையால் பிடித்து ஏறும் குழந்தையையும் செயற்கைக் காலோடு நடக்கும் குழந்தையையும் மனத்தில் வைத்து அமைக்க வேண்டும். நடைபாதையில் கல் பெயர்ந்திருந்தால் மற்றவர்களுக்கு அது தடுக்கல்; செயற்கைக் காலுக்குப் பழகும் குழந்தைக்கு அது விழுகை. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. அந்த உறுப்பினர்களின் குரல் சக்கர நாற்காலிச் சாய்தளத்தோடு நில்லாமல் குழந்தைகளின் விளையாட்டிடங்களுக்கும் பள்ளிகளுக்கும் எட்ட வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி தந்தாலே, மரத்தடியில் பை பார்த்துக்கொண்டிருக்கும் பல பிள்ளைகள் ஆட்டக்களத்துக்கு வந்துவிடுவார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் கையை மறைக்காதீர்கள், அதன் வேலையைப் பறிக்காதீர்கள். உறவினருக்கு ஒன்று: பார்த்ததும் உச்சுக்கொட்டாமல், மற்றக் குழந்தைகளிடம் கேட்பதுபோல் ‘என்ன படிக்கிறாய்?’ என்று கேளுங்கள். ஆசிரியர்களுக்கு ஒன்று: நாளைய விளையாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும் அணியில் சேர்த்துக் கூப்பிடுங்கள். அதற்கு அரசாணை எதுவும் வர வேண்டியதில்லை.